ஆஸ்பத்திரி ஆப்பிள்

நம் நாட்டில் ஆப்பிளைப் பழம் என்று கருதி வாங்குகிறவர்கள் குறைவு. வாழை பழம், மா பழம், பலாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆப்பிள் அப்படி அல்ல. அது ஒரு மரியாதை. யாராவது ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், பார்க்கப் போகிறவர் கையில் நாலு ஆப்பிளாவது இருக்க வேண்டும். வெறுங்கையோடு போனால் நோயாளி ஒன்றும் சொல்லமாட்டார். கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் அத்தைமார்கள் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரியால் பெயர் பெற்ற வேலூரில் இந்த மரியாதைக்குக் குறைவே கிடையாது. இப்படிக் குவிகிற ஆப்பிள் எல்லாம் கடைசியில் என்ன ஆகிறது என்று நேயர்கள் யோசித்ததுண்டா? எனக்கு ஒன்பது வயதில் அதற்கு ஒரு விடை கிடைத்தது. அந்த விடையின் பெயர் ஆப்பிள் கேக்.

1966-ம் ஆண்டு புரட்டாசிக் கடைசியில் என் தகப்பனாருக்கு டைபாய்டு ஜுரம் கண்டது. அவர் ஆம்பூரில் ஒரு டானரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் டானரி என்றுதான் சொல்வோம். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்துவிட்டுப் பிழைத்து வீடு திரும்பினார். கூடவே பத்தொன்பது ஆப்பிள்களும் திரும்பின. டாக்டரோ, "கஞ்சியைத் தவிர வேறு எதுவும் கூடாது" என்று சொல்லிவிட்டார். அத்தனை ஆப்பிளும் கூடத்தில் ஒரு தாம்பாளத்தில் உட்கார்ந்துகொண்டு, நாளுக்கு நாள் தோல் சுருங்கி, மாவு தட்டிப் போய்க்கொண்டிருந்தன.

என் தாயார் ஒரு கறிவேப்பிலைக் காம்பைக்கூட யோசித்துத்தான் எறிவாள். பத்தொன்பது ஆப்பிளை எப்படி எறிவாள்? அதிலும் அவற்றில் ஒன்று, டானரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்யும் ஒருவர் வேலூர் வரைக்கும் வந்து கொடுத்தது. கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். வார்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். "அந்த ஒரு ஆப்பிள் அவனுக்கு அரை நாள் கூலியடி" என்று என் தகப்பனார் சொன்னார். அதைக் கேட்ட பிறகு என் தாயாருக்கு அந்தத் தாம்பாளத்தைப் பார்க்கவே சங்கடமாகப் போய்விட்டது.

அந்த ஒரு ஆப்பிள் ஆம்பூர் வரை வந்து சேர்ந்த கதை சின்னக் கதை அல்ல. 1833-ல் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பினார். நம் சென்னைக் கடற்கரையில் 'ஐஸ் ஹவுஸ்' என்று நின்று, பிறகு விவேகானந்தர் இல்லம் ஆயிற்றே, அந்தக் கட்டடம் அவருடைய வியாபாரத்துக்காக எழுந்ததுதான். கல்கத்தாவுக்குப் பனிக்கட்டியோடு அமெரிக்க ஆப்பிளும் பயணம் செய்தது. கவர்னர் வீட்டு விருந்துக்கு அது சரி. ஏழை எளியவர்கள் அதைக் கண்ணால்கூடக் கண்டிருக்கமாட்டார்கள்.

1870-ம் ஆண்டு வாக்கில் கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் குலுப் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டம் போட்டார். அந்தக் காய்கள் பெரும்பாலும் புளிப்பு. நம்மவர்களுக்குப் புளிப்பு குழம்பில் இருந்தால் போதும், பழத்தில் வேண்டியதில்லை. பிறகு சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் வந்தார். 1904-ல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்தவர், சிம்லாவுக்கு அப்பால் கோட்கர் மலையில் குடியேறிவிட்டார். 1916-ல் அமெரிக்காவிலிருந்து தித்திப்பான சிவப்பு ஆப்பிள் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். காங்கிரஸில் சேர்ந்தார், 1921-ல் சிறைக்கும் போனார், 1932-ல் சத்தியானந்தர் என்று பெயரையே மாற்றிக்கொண்டார். இமாசலத்து மலைச்சரிவெங்கும் இன்று சிவந்து தொங்கும் ஆப்பிளுக்கு அவர்தான் மூலபுருஷர். ரயிலில் தெற்கே வந்து, நோயாளியின் தலைமாட்டில் மரியாதையாக உட்கார்ந்தது அவருடைய ஆப்பிள்தான்.

ஆப்பிள் வந்த வழி இது. கேக் வந்த வழி வேறு.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. எங்கள் பாலாற்றுச் சீமைக்கு அப்படி ஒரு பெருமை உண்டு. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, 1853-ல், அமெரிக்கன் ஆற்காட்டு மிஷன் அங்கே அமைந்துவிட்டது. ஸ்கடர் என்ற டாக்டர் குடும்பத்துப் பிள்ளைகள் தொடங்கிய மிஷன் அது. அவர்களுடைய திருச்சபையை அமெரிக்காவில் நிறுவியவர்கள் நியூயார்க்கில் குடியேறிய டச்சுக்காரர்கள். ஆப்பிளை அரிந்து, பட்டைத்தூள் தூவிக் கேக் சுடுவது டச்சுக்காரர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். அந்தப் பட்டைத்தூளுக்கும் ஒரு கதை உண்டு. 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரத்தை ஆண்டு, அங்கே விளைந்த இலவங்கப்பட்டையை ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றியவர்களும் டச்சுக்காரர்களே. நம் வீட்டு வாசனைதான் உலகத்தைச் சுற்றிவிட்டுக் கேக்காகத் திரும்பி வந்தது!

அந்த ஸ்கடர் குடும்பத்தில், 1870-ல், ராணிப்பேட்டையில் பிறந்தவர்தான் டாக்டர் ஐடா ஸ்கடர். 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் அவர் ஆரம்பித்த வைத்தியசாலைதான் வளர்ந்து, இன்று உலகம் அறிந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. தாது வருஷப் பஞ்சத்தின்போது அவர் ஆறேழு வயதுச் சிறுமி. கையைத் தூக்கி உண்ணவும் பலமில்லாத குழந்தைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வைக்கும் வேலையை அவரிடம் கொடுத்தார்களாம். அவருடைய சரிதத்தில் வரும் அந்தக் காட்சியைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அந்த ரொட்டியை யார் சுட்டார், அவர் என்ன சாதி என்று அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். பஞ்சம் தீர்ந்து, மழை பெய்து, வயிறு நிறைந்த பிறகுதான் அந்தக் கேள்வி திரும்பவும் எழுந்திருக்கும்.

துரைமார் வீட்டு அடுப்பண்டையில் நின்றவர் யார்? அங்கே மாட்டிறைச்சி வேகும். ஆகவே சாதி இந்துக்கள் பெரும்பாலும் போகமாட்டார்கள். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள்தான் போனார்கள். மாட்டுத்தோலைத் தொடமாட்டேன் என்று மற்றவர்கள் விலகியபோது டானரித் தொட்டியில் இறங்கியவர்கள் யாரோ, அவர்களுடைய அண்ணன் தம்பிகள்தான் பங்களாச் சமையற்கட்டில் 'பட்லர்' ஆனார்கள். எங்கள் பக்கத்தில் ஷூவும் கேக்கும் ஒரே தெருவிலிருந்து புறப்பட்டவை என்று சொன்னால் மிகை இல்லை.

அந்தக் காலத்துப் பட்லர்களைப் பற்றி ஒரு புத்தகம் உண்டு. 1878-ல் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் கென்னி ஹெர்பர்ட் என்னும் ராணுவ அதிகாரி சென்னைவாசிகளான வெள்ளைக்காரருக்காக எழுதிய சமையல் நூல் அது. நல்ல ரசிகர், நன்றாக எழுதுகிறவர். ஆனால் சமையற்காரரைக் குறிப்பிடும்போதெல்லாம் அவருக்கு ஒரே பெயர்தான்: ராமசாமி. சென்னை ராஜதானியில் இருந்த அத்தனை பட்லரும் அவருக்கு ராமசாமிகளே! வாலிபத்தில் இதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. 'சோறு போட்டவன் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாத மனிதர்' என்று நண்பர்களிடம் கேலி செய்திருக்கிறேன். நிற்க.

என் தகப்பனாரைப் பார்க்கச் சுண்ணாம்புத் தொட்டிக்காரர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் திண்ணைக்குக் கீழேயே நின்றார். அங்கிருந்தே கூடத்துத் தாம்பாளம் கண்ணில் பட்டது. தம்முடைய ஆப்பிளும் அங்கே சுருங்கிக் கிடப்பதைக் கண்டுவிட்டாரோ என்னவோ, தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அம்மா, எங்க பெரியப்பா ராணிப்பேட்டையிலே மிஷன் பங்களாவிலே பட்லரா இருந்தவரு. இந்தப் பழத்தைக் கேக்காப் பண்ணிடுவாரு. சொன்னா வருவாரும்மா."

உள்ளேயிருந்து என் அத்தை தொண்டையைக் கனைத்தாள். அந்தக் கனைப்புக்கு என்ன அர்த்தம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். என் தாயார் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றாள். பிறகு, "நாளைக்கு வரச் சொல்லுப்பா. கொல்லையிலே அடுப்பு மூட்டிக்கலாம்" என்றாள்.

மறுநாள் பெரியவர் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வெளுத்த வேட்டி, பித்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. கொல்லைப்புறத்து வழியாகவே வந்தார். கையில் பையைக் கீழே வைத்துவிட்டு என் தாயாரிடம் முதலில் கேட்ட கேள்வி இதுதான்:

"உங்க பாத்திரமாம்மா, எங்க பாத்திரமாம்மா?"

எத்தனையோ வீடுகளில் கேட்டுப் பழகிய குரல். கோபமும் இல்லை; குறையும் இல்லை. மாவு எத்தனை, சர்க்கரை எத்தனை என்று கேட்பது போலவே கேட்டார். என் தாயார் உள்ளே போனாள். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம் ஒன்றையும் பெரிய அண்டா ஒன்றையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அத்தை கூடத்தை விட்டு எழுந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெரியவரின் கணக்கு மிகவும் எளிது. "பங்களாவிலே பவுண்டு கணக்கும்மா. எல்லாம் ஒரே எடை. இப்போ கிலோ வந்துட்டுது. கால் கிலோ மைதா, கால் கிலோ சர்க்கரை, கால் கிலோ வெண்ணெய், நாலு முட்டை, நாலு ஆப்பிள். ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைக் கரண்டி பட்டைத்தூள்." அப்படி மூன்று கேக் என்று தீர்மானம் ஆயிற்று. அழுகிய பாகத்தைத் தள்ளியது போக மீதி ஆப்பிள் அதற்குச் சரியாயிருந்தது. அது உணவுப் பஞ்சக் காலம். அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம். தீபாவளிக்கென்று ரேஷன் கடையில் வாங்கி ஒளித்து வைத்திருந்த சர்க்கரையை என் தாயார் அப்படியே எடுத்துக் கொடுத்தாள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் வெல்லப் பணியாரம்தான்.

ஆப்பிளை நறுக்க நான் அரிவாள்மணையைக் கொண்டுபோனேன். பெரியவர் சிரித்துவிட்டு வேண்டாம் என்றார். பையிலிருந்து எவர்சில்வர் கத்தியை எடுத்தார். "இரும்பு பட்டா கறுத்துப் போகும் தம்பி." கட்டிலில் படுத்திருந்த என் தகப்பனாருக்கு இது காதில் விழுந்ததுதான் தாமதம், உற்சாகம் பிறந்துவிட்டது. "எங்க டானரியிலும் அதே சட்டம்தான்! ஆவாரம்பட்டைத் தண்ணியிலே ஊறின தோல்மேலே இரும்பு பட்டா கறுப்புத் திட்டு விழும். அப்புறம் அந்தத் தோலுக்கு விலை கிடையாது" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ச்சத்துத்தான் தோலைத் தோலாக்குகிறது. அந்த இனத்தைச் சேர்ந்த சத்துக் கொஞ்சம் ஆப்பிளிலும் இருக்கிறது. நறுக்கிய ஆப்பிள் காற்றுப் பட்டுப் பழுப்பதற்கு அதுவே காரணம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோல் கொடுத்ததும் சென்னை ராஜதானியில் இப்படிப் பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல்தான். ஜுரத்துக்குப் பிறகு என் தகப்பனார் முகத்தில் நான் முதன்முதலில் தெளிவைப் பார்த்தது அன்றைக்குத்தான். பட்லரும் கணக்குப்பிள்ளையும் கொல்லைக்கும் கூடத்துக்கும் இடையே குரல் கொடுத்து அரை மணி நேரம் தோலையும் ஆப்பிளையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை குழைத்தார் பெரியவர். முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி அடித்தார். மைதாவோடு பேக்கிங் பவுடரைக் கலந்து மூன்று தரம் சலித்தார். அந்தப் பவுடருக்கும் ஒரு குடும்பக் கதை உண்டு. பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்டு என்ற மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு, ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்காகவே 1843-ல் அவர் இந்தப் பவுடரைக் கண்டுபிடித்தார். மாவை உப்ப வைக்கிற பொருளே ஒரு நோயாளிக்காகப் பிறந்ததுதான். ஆஸ்பத்திரி ஆப்பிளுக்கு இதைவிடப் பொருத்தமான துணை எங்கே கிடைக்கும்?

பாதி ஆப்பிளைப் பொடியாக அரிந்து மாவோடு சேர்த்தார். மீதியை மெல்லிய பிறைகளாகச் சீவி மேலே வட்டமாக அடுக்கினார். அண்டாவில் பாலாற்று மணலைச் சலித்துக் கொட்டிச் சூடேற்றினார். பாத்திரத்தை மணல்மேல் வைத்து, தட்டைப் போட்டு மூடி, தட்டின் மேலும் கனிந்த வேலங்கரியைப் பரப்பினார். கீழே நெருப்பு, மேலே நெருப்பு.

இந்த வித்தை ஆம்பூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பிரியாணிக்குத் தம் போடுவதும் இப்படித்தானே? பங்களாவில் இரும்பு அடுப்பு இல்லாத நாளில் துரைசானி சொன்ன கேக்கைப் பட்லர் சுட்டுக் கொடுத்ததும், நம் பக்கத்து பாய்மார்கள் கல்யாண தேக்ஷாவுக்குத் தம் போட்டதும் ஒரே சூத்திரம். சூட்டை அடியில் மட்டும் வைத்தால் தீய்ந்து போகும். மேலும் கீழும் பகிர்ந்தால் வேகும்.

முக்கால் மணி கழிந்தது. முதலில் வெண்ணெய் வாசனை, பிறகு பட்டை வாசனை, கடைசியில் ஆப்பிள் வாசனை. பெரியவர் தட்டை நகர்த்தி, ஒரு தென்னை ஈர்க்கை நடுவில் குத்தி எடுத்தார். மாவு ஒட்டவில்லை. அறைக்குள் சாத்தியிருந்த கதவு கொஞ்சம் திறந்ததை நான் பார்த்தேன்.

என் தாயார் அதை வெட்டிய விதம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எந்த எந்த வீட்டிலிருந்து ஆப்பிள் வந்ததோ அந்த அந்த வீட்டுக்கு ஒரு பங்கு. முதலாளி பாய் வீட்டுக்கு ஒன்று, நர்ஸம்மாவுக்கு ஒன்று, மாமா வீட்டுக்கு, பள்ளிக்கூட வாத்தியாருக்கு, இப்படி. மந்தாரை இலையில் கட்டி என்னிடம் கொடுத்தனுப்பினாள். சுண்ணாம்புத் தொட்டிக்காரர் வீட்டுக்குக் கொடுத்தது எல்லாவற்றிலும் பெரிய பங்கு. நான் அந்தத் தெருவுக்குள் போனது அதுதான் முதல் தடவை. அவர் மனைவி பதறிப்போய்ப் பாயை விரித்தாள். தண்ணீர் கொடுக்கலாமா என்று புருஷன் முகத்தைப் பார்த்தாள். நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். வீட்டுக்கு வந்து என் தாயாரிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தாள்.

இதையெல்லாம் ஒரு புரட்சி என்று நான் எழுதினால் அது பொய். அந்தப் பித்தளைப் பாத்திரம் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கப்பட்டு, கொல்லை மாடத்தில் ஒரு மாதம் கவிழ்ந்து கிடந்தது. பிறகு ஒரு நாள் ஒருவருக்கும் சொல்லாமல் சமையலறைக்குள் திரும்பிவிட்டது. அத்தை கேக்கைத் தொடவே இல்லை என்றுதான் கடைசிவரை சாதித்தாள். ஆனால் ஒரு துண்டு கணக்கில் குறைந்தது. என் தகப்பனார் கணக்குப்பிள்ளை. அவருக்குக் கணக்குத் தப்பாது.

இப்போது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது; 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். பட்டைத் தொட்டிகள் பெரும்பாலும் போய்க் குரோம் வந்து, தோல் ஷூவாகவே கப்பலேறுகிறது. டானரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பாயிற்று. தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் கேக்கை யார் சுட்டார் என்று யாரும் கேட்பதில்லை. அது நல்லதுதான். ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் ஆப்பிள் பழைய மரியாதையோடு விலை போய்க்கொண்டிருக்கிறது.

சென்ற மாதம் என் மகள் மின்சார அடுப்பில் அதே கேக்கைச் சுட்டாள். எடை, பட்டைத்தூள், மேலே அடுக்கிய பிறைகள் எல்லாம் நான் சொன்னபடியே. சமையல் நோட்டில் எழுதிக்கொள்வதற்காக, "இது யாருடைய கைப்பாகம் அப்பா?" என்று கேட்டாள்.

"பட்லர் தாத்தாவினுடையது" என்றேன்.

"அவர் பேர் என்ன?"

நான் வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. மறந்து போனதல்ல. அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் எங்கள் கொல்லையில் இருந்தார். பாத்திரம் கொடுத்தோம், சர்க்கரை கொடுத்தோம், கூலியும் கொடுத்தோம். பெயரை மட்டும் எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. வைவர்ன் துரையாவது ராமசாமி என்று ஏதோ ஒரு பெயரை வைத்தார்.

மகள் நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள்.